தோர்பெல்: ஒரு விதியோடு 500 ஆண்டுகள் வாழ்ந்த மலைக்கிராமம்

சுவிட்சர்லாந்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை சாக்லேட், கைக்கடிகாரம், ரகசிய வங்கிக் கணக்கு. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கூடுதலாக, பனிமலைப் பின்னணியில் ஒரு டூயட் பாட்டு. ஆனால் அந்த நாட்டின் ஒரு சின்னஞ்சிறு உழவர் கிராமம் உலகப் பொருளாதார அறிஞர்களின் புத்தகங்களில் இடம்பிடித்திருக்கிறது. அதற்குக் காரணம் வங்கியும் அல்ல, கடிகாரமும் அல்ல. பசுமாடுகள்!

அந்தக் கிராமத்தின் பெயர் தோர்பெல். சுமார் 500 பேர் வாழும் ஊர். 1517-ஆம் ஆண்டில் அந்த ஊர்க்காரர்கள் ஒரு சின்ன விதியை எழுதி வைத்தார்கள். "பொதுச் சொத்து என்றால் அது பாழாகியே தீரும்" என்று 20-ஆம் நூற்றாண்டில் உலகம் முழுக்கப் பரவிய ஒரு கோட்பாட்டுக்கு, அந்தச் சின்ன விதி 450 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. அது எப்படி என்று தெரிய வேண்டுமானால் முதலில் அந்த ஊர் எங்கே, எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அமைவிடம்

சுவிட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலி எல்லையை ஒட்டி இருப்பது வாலிஸ் மாநிலம். இதைப் பிரெஞ்சு மொழியில் வலே என்பார்கள். மாநிலத்தின் மேற்குப் பகுதி பிரெஞ்சு பேசும், கிழக்குப் பகுதி ஜெர்மன் பேசும். தோர்பெல் இருப்பது ஜெர்மன் பேசும் கிழக்குப் பகுதியில்.

மாநிலத்தின் நடுவே ரோன் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் விஸ்ப் என்ற சிறுநகரம். அங்கிருந்து தெற்கே பிரியும் பள்ளத்தாக்கில் சென்றால் ஸ்டால்டன் வரும். செர்மாட்டிலிருந்து வரும் ஆறும் சாஸ் பகுதியிலிருந்து வரும் ஆறும் இங்கேதான் கூடுகின்றன. 4,478 மீட்டர் உயரமுள்ள புகழ்பெற்ற மாட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்க்கச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் பலரும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். ரயில் ஜன்னலில் தலையை நன்றாகத் தூக்கிப் பார்த்தால்தான் மேலே மேற்குச் சரிவில் ஊர்கள் இருப்பதே தெரியும். அப்படி ஒரு சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது தோர்பெல்.

வெயிலில் கருத்துப்போன லார்ச் மர வீடுகள், நெருக்கமான சந்துகள், ஒரு தேவாலயம். தானியம் வைக்கும் மரக் களஞ்சியங்கள் தரையில் நிற்பதில்லை. குட்டையான கால்களின் மேல் நிற்கும். ஒவ்வொரு காலுக்கும் களஞ்சியத்துக்கும் இடையில் தட்டு போல ஒரு வட்டக் கல். எலி ஏறி வந்தாலும் அந்தக் கல்லைத் தாண்டி மேலே போக முடியாது. எவ்வளவு எளிமையான தொழில்நுட்பம் பாருங்கள்!

மழை மறைத்த ஊர்

ஆல்ப்ஸ் மலை என்றால் எப்போதும் மழையும் பசுமையும் என்று நினைப்போம். இந்தப் பள்ளத்தாக்கு அப்படி அல்ல. வடக்கிலும் தெற்கிலும் 4,000 மீட்டரைத் தாண்டிய மலைகள் நின்று மழை மேகத்தைத் தடுத்துவிடுகின்றன. அதனால் சுவிட்சர்லாந்திலேயே மிக வறண்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான்.

மழை குறைவு என்றால் புல் வளராது. புல் இல்லை என்றால் மாடு இல்லை. எனவே இப்பகுதி மக்கள் மேலே உள்ள ஓடைகளிலிருந்தும் பனிப்பாறை உருகும் நீரிலிருந்தும் மலைச்சரிவின் குறுக்காக வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். இவற்றை ஜெர்மனில் சுவோனன் என்பார்கள். சில இடங்களில் செங்குத்தான பாறையில் மரத் தொட்டிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கடத்தினார்கள். யாருக்கு எத்தனை மணி நேரத் தண்ணீர் என்பது முறை வைத்துப் பிரிக்கப்பட்டது. வாலிஸ் மலைக் கிராமங்களில் இந்த உரிமைகளை மரக்கட்டைகளில் கீறல்களாகச் செதுக்கி வைக்கும் வழக்கம் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தப் பாரம்பரியப் பாசன முறையை, வேறு சில ஐரோப்பிய நாடுகளின் பாசன முறைகளோடு சேர்த்து, 2023-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அடுக்கடுக்கான வாழ்க்கை

தோர்பெல் விவசாயியின் நிலம் ஒரே இடத்தில் இருக்காது. கீழே வெப்பமான சரிவில் திராட்சைத் தோட்டம். ஊரைச் சுற்றி ரை என்னும் தானிய வயல், காய்கறித் தோட்டம், புல்வெளி. அதற்கு மேலே காடு. காட்டுக்கும் மேலே, 2,000 மீட்டர் உயரத்தில், கோடை மேய்ச்சல் நிலம். 'ஆல்ப்' என்ற சொல்லுக்கு அந்த ஊர்க்காரர்களின் பேச்சில் இந்த மேய்ச்சல் நிலம் என்றுதான் பொருள்.

அப்பா இறந்தால் சொத்து மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் பிரியும். தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து நிலம் துண்டு துண்டாகிவிட்டது. நிலம் மட்டுமா? ஒரே தொழுவத்தில், ஒரே களஞ்சியத்தில் பல குடும்பங்களுக்குப் பங்கு உண்டு. ஒரு வீட்டின் கீழ்த்தளம் ஒருவருக்கு, மேல்தளம் இன்னொருவருக்கு. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பு முறை போலத்தான்.

மாடுகளும் மனிதர்களும் ஆண்டு முழுவதும் இந்த அடுக்குகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கோடை தொடங்கியதும் மாடுகள் ஆல்ப்புக்குப் போகும். அங்கே கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் எல்லோருடைய மாட்டையும் ஒன்றாக மேய்த்து, பால் கறந்து, பாலாடைக்கட்டி செய்வார்கள். அந்த நேரத்தில் கீழே குடும்பத்தினர் சொந்தப் புல்வெளியில் புல்லை அறுத்து வெயிலில் உலர்த்திச் சேமிப்பார்கள். இலையுதிர் காலத்தில் மாடுகள் இறங்கி வரும். பிறகு பனிக்காலம். ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் மாடு தொழுவத்தில் கட்டியே கிடக்கும். சேமித்த உலர்ந்த புல்தான் அதற்கு உயிர். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

1483: ஊர் கூடி எழுதிய ஆவணம்

தோர்பெல்லின் நிலம் பற்றிய எழுத்து ஆவணங்கள் 1224-ஆம் ஆண்டிலிருந்தே கிடைக்கின்றன. அவற்றில் முக்கியமானது 1483-ஆம் ஆண்டு ஆவணம். அந்த ஆண்டு ஊர்க்காரர்கள் கூடி மேய்ச்சல் நிலம், காடு, தரிசு நிலம் ஆகியவற்றை ஒழுங்காகப் பயன்படுத்த முறைப்படி ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

வெளியூர்க்காரர் ஒருவர் தோர்பெல்லில் நிலம் வாங்கினாலும் பொது மேய்ச்சல் நிலத்தில் மாடு விடவோ பொதுக் காட்டில் மரம் வெட்டவோ அவருக்கு உரிமை கிடையாது என்று அந்த ஆவணம் சொன்னது. பணம் கொடுத்து வயலை வாங்கலாம், ஊர் உரிமையை வாங்க முடியாது. புதிதாக ஒருவரை ஊராராகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஏற்கெனவே இருப்பவர்கள்தான் முடிவு செய்வார்கள். 1507-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று பொது நிலங்களின் எல்லைகளையும் பதிவு செய்தது.

வாலிஸ் அப்போது சுவிட்சர்லாந்தின் மாநிலமே அல்ல. 1815-ல்தான் அது மாநிலமாகச் சேர்ந்தது. இடையில் 1810 முதல் 1813 வரை நெப்போலியனின் பிரான்சோடு இணைக்கப்பட்டிருந்தது. கொடிகள் மாறின, ஆட்சிகள் மாறின. மேய்ச்சல் விதிகள் தொடர்ந்தன.

1517: அந்த ஒரு விதி

1517-ல் எழுதப்பட்ட விதியின் சாரம் இதுதான்: எவரும் தன்னால் பனிக்காலம் முழுவதும் தீனி போட்டுக் காப்பாற்றக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் மாடுகளை ஆல்ப்புக்கு அனுப்பக் கூடாது.

கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் இதற்குள் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

முதலாவது, அளவுகோல். "அளவோடு மேயுங்கள்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் ஆளுக்கொரு அளவு சொல்லியிருப்பார்கள். இங்கே அளவு ஒவ்வொருவரின் களஞ்சியத்தில் இருக்கும் உலர்ந்த புல். அதைச் சொந்த நிலத்தில், சொந்த உழைப்பில்தான் சேர்க்க முடியும். பொது நிலத்தின் பயன் தனி நிலத்தின் எல்லையோடு கட்டிப் போடப்பட்டது.

இரண்டாவது, வியாபாரிக்குத் தடை. வசந்த காலத்தில் இருபது மாடு வாங்கி, கோடை முழுவதும் பொதுப் புல்லை இலவசமாகத் தின்ன வைத்து, பனிக்கு முன் கொழுத்த விலைக்கு விற்றுவிடலாம் என்று ஒருவர் திட்டமிட்டால் முடியாது. முதலீடு குறைவு, தீனிச் செலவு ஊர் தலையில், லாபம் தனக்கு என்ற கணக்கு இங்கே எடுபடாது.

மூன்றாவது, கண்காணிப்பு. பனிக்காலத்தில் யார் தொழுவத்தில் எத்தனை மாடு நின்றது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். ஒரே தொழுவத்தில் நாலு குடும்பம் பங்கு வைத்திருக்கும் ஊரில் மாட்டை எங்கே ஒளிப்பது? மேலும், ஆல்ப்புக்குப் போன உடனே மாடுகள் எண்ணப்பட்டன. அந்த எண்ணிக்கைதான் கோடை முடிவில் யாருக்கு எவ்வளவு பாலாடைக்கட்டி என்பதற்கும் அடிப்படை. வணிகவியல் மொழியில் சொன்னால், பங்குக்கு ஏற்ற பங்காதாயம்.

நான்காவது, தண்டனை. அளவை மீறியவருக்கு ஊர் அதிகாரி அபராதம் விதிப்பார். வசூலான அபராதத்தில் பாதி அந்த அதிகாரிக்கே! அவர் கண்டும் காணாமல் இருந்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

உரிமையோடு கடமையும் வந்தது. ஆல்ப்புக்குப் போகும் பாதையைச் செப்பனிடுவது, பனிச்சரிவில் இடிந்த பட்டியைத் திரும்பக் கட்டுவது, மேய்ச்சல் நிலத்தில் எருவைப் பரப்புவது போன்ற வேலைகளை ஊர்க்காரர்கள் தங்கள் மாட்டு எண்ணிக்கைக்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டார்கள். காட்டிலும் இப்படித்தான். வெட்டக்கூடிய மரங்களுக்கு ஊர் அதிகாரிகள் அடையாளம் இடுவார்கள். பிறகு குடும்பக் குழுக்களிடையே சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். நல்ல மரம் இன்னாருக்குத்தான் கிடைத்தது என்று யாரும் குறை சொல்ல வழியில்லை.

ஹார்டின் சொன்னதும் தோர்பெல் காட்டியதும்

இனி 1968-ஆம் ஆண்டுக்கு வருவோம். அமெரிக்க உயிரியல் அறிஞர் காரெட் ஹார்டின் 'சயன்ஸ்' இதழில் பொதுநிலங்களின் அவலம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் காட்டிய உதாரணமும் மேய்ச்சல் நிலம்தான். எல்லோருக்கும் பொதுவான ஒரு புல்வெளியில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டை விட நினைப்பார். அந்த மாட்டின் லாபம் முழுவதும் அவருக்கு. புல் குறைவதால் வரும் நஷ்டமோ எல்லோருக்கும் பங்கு. எனவே எல்லோரும் மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் புல்வெளி மண்வெளியாகிவிடும். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்ற நம் பழமொழியும் இந்த மனநிலையைத்தான் கேலி செய்கிறது.

இந்தக் கட்டுரை உலகப் புகழ் பெற்றது. ஒன்று தனியாரிடம் விற்றுவிட வேண்டும், அல்லது அரசு கையில் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை என்று பலரும் இதிலிருந்து முடிவுக்கு வந்தார்கள். மீனவர்களின் கடல், மலைவாழ் மக்களின் காடு, கிராமத்து மேய்ச்சல் நிலம் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டே மருந்துகள் சொல்லப்பட்டன. இது வெறும் புத்தகச் சர்ச்சை அல்ல. யாருடைய கையிலிருந்து எது போகும் என்ற கேள்வி.

ராபர்ட் நெட்டிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970-களின் தொடக்கத்தில் தோர்பெல்லுக்கு வந்தார். ஊரில் தங்கி, தேவாலயத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளையும் பழைய ஆவணங்களையும் ஆராய்ந்தார். 1981-ல் அவருடைய ஆய்வு நூல் வெளிவந்தது. நூற்றாண்டுகளாகப் பொதுவில் இருந்தும் தோர்பெல்லின் மேய்ச்சல் நிலம் பாழாகவில்லை என்று அவர் காட்டினார்.

அவர் கவனித்த இன்னொன்றும் முக்கியம். தோர்பெல் மக்கள் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருக்கவில்லை. திராட்சைத் தோட்டம், வயல், புல்வெளி எல்லாம் தனியார் சொத்து. சிறிய இடத்தில் அதிக விளைச்சல் தந்து, உழைப்பைக் கூட்டினால் பயனும் கூடும் நிலத்தைத் தனியாக வைத்துக்கொண்டார்கள். பரந்து கிடந்து, ஏக்கருக்குச் சொற்ப விளைச்சல் தந்து, வேலி போட்டால் வேலிச் செலவே அதிகமாகும் நிலத்தைப் பொதுவில் வைத்தார்கள். இரண்டு முறைகளும் ஒரே ஊரில், ஒரே மக்களிடம், அருகருகே இருந்தன. தனியுடைமை தெரியாததால் பொதுவில் வைத்தார்கள் என்று சொல்லவே முடியாது. கணக்குப் பார்த்துத்தான் வைத்தார்கள்.

நெட்டிங்கின் ஆய்வை எடுத்து, ஜப்பானின் மலைக் கிராமங்கள், ஸ்பெயினின் பாசன அமைப்புகள், பிலிப்பைன்ஸின் வாய்க்கால் சங்கங்கள் ஆகியவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். 1990-ல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் தோர்பெல்லுக்கு முக்கிய இடம் உண்டு. யார் உறுப்பினர் என்ற தெளிவான எல்லை, உள்ளூருக்குப் பொருந்தும் விதி, பயன்படுத்துவோரே விதியை மாற்றும் உரிமை, கண்காணிப்பு, படிப்படியான தண்டனை போன்ற அம்சங்கள் நீடித்த அமைப்புகளில் எல்லாம் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு ஆஸ்ட்ரமுக்கும் ஆலிவர் வில்லியம்சனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் ஆஸ்ட்ரம்தான். ஹார்டினும் பின்னாளில், தான் சொன்னது நிர்வாகம் இல்லாத பொதுநிலத்துக்கே பொருந்தும் என்று திருத்திக்கொண்டார்.

கொடுத்த விலை

இவ்வளவும் படித்தபின் தோர்பெல் ஒரு சொர்க்கம் என்று தோன்றலாம். அப்படி அல்ல.

புல்லின் அளவு மாட்டைக் கட்டுப்படுத்தியது. மாட்டின் அளவு மனிதரையும் கட்டுப்படுத்தியது. சொந்தமாக நிலமும் மாடும் கைக்கு வரும்வரை திருமணம் இல்லை. நெட்டிங் பார்த்த பதிவேடுகளில் தாமதமான திருமணங்களும் கடைசிவரை திருமணமே செய்யாதவர்களும் ஏராளம். பலர் ஊரை விட்டே போனார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு பரவிய பிறகுதான் ஊர் கொஞ்சம் கூடுதல் வயிறுகளைத் தாங்க முடிந்தது.

விதி எல்லோரையும் சமமாக்கவும் இல்லை. அதிகப் புல்வெளி வைத்திருந்தவர் அதிக மாடுகளை அனுப்பலாம். வெளியூர்க்காரருக்குக் கதவு அடைப்பு. ஊரில் சில குடும்பப் பெயர்களே நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்ததில் வியப்பில்லை. விதிகளுக்கு வாக்களித்த ஊராரில் பெண்கள் இல்லை. மோசால்ப் மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால், ரோன் பள்ளத்தாக்குச் சரிவில் இருக்கும் உன்டர்பேக் என்ற கிராமத்தில்தான் 1957-ல் சுவிட்சர்லாந்திலேயே முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். அந்த வாக்குகள் அப்போது செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. நாடு முழுவதற்குமான வாக்குரிமை 1971-ல்தான் வந்தது. பொதுச் சொத்தைக் காத்த அதே வேலி, பலரை வெளியிலும் நிறுத்தியது.

தலைகீழான பிரச்சினை

20-ஆம் நூற்றாண்டில் எல்லாம் மாறியது. 1906-ல் சிம்ப்ளான் சுரங்க ரயில் பாதையும் 1913-ல் லோட்ச்பெர்க் சுரங்கப் பாதையும் திறந்தன. விஸ்ப் நகரில் பெரிய ரசாயனத் தொழிற்சாலை வந்தது. தோர்பெல் ஆண்கள் பகலில் தொழிற்சாலைக்குப் போனார்கள், காலையிலும் மாலையிலும் மாட்டைப் பார்த்தார்கள். பிறகு மாடும் குறைந்தது. ரை வயல்கள் ஒவ்வொன்றாகப் புல்வெளியாயின. செங்குத்தான சரிவுகளில் கையால் புல் அறுக்க ஆள் இல்லை. ஆல்ப்ஸ் முழுவதும் இதே கதைதான். மேய்ச்சல் நின்ற இடத்தில் முதலில் புதர் வரும், பிறகு காடு வரும். 500 ஆண்டுகள் "மாடு அதிகமாகிவிடக் கூடாது" என்று கவலைப்பட்ட மலைகளில் இன்று "மாடு குறைந்துவிடக் கூடாது" என்பதே கவலை.

இன்று சுவிஸ் அரசு கோடை மேய்ச்சலுக்கு மானியம் தருகிறது. ஒவ்வொரு ஆல்ப்புக்கும் வழக்கமான மாட்டு அளவு என்று ஒன்று குறிக்கப்படுகிறது. அதைவிட மிகவும் கூடினாலும் மானியம் குறையும், மிகவும் குறைந்தாலும் குறையும். எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் இப்போது அரசு விதியில் வாழ்கிறது.

முடிவாக

தோர்பெல் மக்கள் மகான்கள் அல்லர். மற்ற எல்லோரையும் போல இன்னொரு மாடு வளர்க்க ஆசைப்பட்டவர்கள்தான். அந்த ஆசை தங்களுக்கும் உண்டு என்று ஒத்துக்கொண்டதால்தான் விதி எழுதினார்கள். அடுத்தவர் நல்லவராக இருப்பார் என்று நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. மாட்டை எண்ணினார்கள், பாலாடைக்கட்டியைப் பங்கிட்டார்கள், அபராதம் போட்டார்கள், இடிந்த பட்டியைச் சேர்ந்து கட்டினார்கள்.

பொதுச் சொத்தைக் காப்பாற்ற மனிதர்களால் முடியுமா என்று கேட்டால், தோர்பெல்லின் பதில் "முடியும்" என்பதுதான். ஆனால் யார் ஊரார், யாருக்கு எவ்வளவு, மீறினால் என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் ஊரே கூடிப் பதில் எழுத வேண்டும். எழுதிய பிறகு ஒவ்வொரு கோடையும் மலையேறிப் போய் மாட்டை எண்ணவும் வேண்டும்.